ஆடிக்காற்றும் டீசல் கணக்கும்

ஜூலை 18

திருவையாற்றில் டேங்கை நிரப்பி, டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கினேன். இனி 2,000-க்குப் போடு, 1,500-க்குப் போடு என்கிற பேச்சே கிடையாது. அப்படிப் போட்டுக்கொண்டிருந்தால் வண்டி எவ்வளவு குடிக்கிறது என்று கடைசிவரை தெரியாது. போன தையில் ஒரு தடவை அளந்தபோது லிட்டருக்கு 13 கொடுத்த பிக்கப் இது. இப்போது டீசல் முள் இறங்குவதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் ஓட்டும் அக்கா மகன் மேல்தான் எனக்குச் சந்தேகம். அவனுக்கு என் மேல்.

ஜூலை 20

அதே பங்க், அதே குழாய். தானாக நின்றதும் போதும் என்றேன். 286 கிலோமீட்டருக்கு 26.5 லிட்டர். வகுத்தால் 10.8 வருகிறது.

டீக்கடையில் ஒருவர், டீசல் குழாயில் காந்தம் மாட்டினால் 2 கிலோமீட்டர் கூடும் என்றார். காந்தம் அவர் பையிலேயே இருந்தது, விலையோடு.

ஜூலை 21

விடியற்காலையில், வண்டியை எடுக்கும் முன்பே காற்று பார்த்தேன். ஓடிச் சூடான டயரில் பார்த்தால் கூடுதலாகக் காட்டும். வலது பின்சக்கரத்தில் 9 பிஎஸ்ஐ குறைவு, மற்றதில் ஒன்றிரண்டு. லோடு ஏற்றினால் எவ்வளவு, வெறும் வண்டிக்கு எவ்வளவு என்று கதவோர ஸ்டிக்கரிலேயே இருக்கிறது. நான்கு வருஷத்தில் இன்றைக்குத்தான் அதைப் படித்தேன்.

ஜூலை 23

கும்பகோணத்தில் இறங்கியபோது இடது பின்சக்கரத்தில் கருகல் வாடை. கையைக் கிட்டே கொண்டுபோனாலே டிரம் அனலடித்தது. மற்ற மூன்றிலும் சாதாரணச் சூடுதான். முன்சக்கரத்துக்குக் கல் வைத்து, ஜாக்கி போட்டு, ஹேண்ட்பிரேக்கை விட்டுவிட்டுக் கையால் சுற்றிப் பார்த்தேன். அரைச் சுற்றுகூட வரவில்லை. ஆனியில் லைனர் மாற்றியபோது ஹேண்ட்பிரேக் கேபிளை இறுக்கி வைத்துவிட்டிருக்கிறார்கள். ஒரு மாதமாகப் பிரேக்கைப் பிடித்துக்கொண்டேதான் ஓட்டியிருக்கிறோம்! தளர்த்தியதும் சக்கரம் சும்மா சுற்றியது.

அக்கா மகனிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு டிகிரி காபி வாங்கிக் கொடுத்தேன். ஏன் என்று பார்த்தான்.

ஜூலை 26

291 கிலோமீட்டர், 23.9 லிட்டர், 12.2. பரவாயில்லை. ஆனால் தைக் கணக்கு இன்னும் வரவில்லை.

ஜூலை 30

மயிலாடுதுறை நடை. வாழைத்தாரும் இலைக்கட்டுமாக ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேலே. இறக்கியதும் அங்கேயே டேங்கை நிரப்பினேன், திரும்பி வந்ததும் இங்கே ஒரு தடவை. பங்க்குக்குப் பங்க் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். லோடோடு போன 71 கிலோமீட்டருக்கு 5.6 லிட்டர். வெறும் வண்டியாகத் திரும்பிய அதே 71-க்கு 6.1.

இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. லோடு வண்டியைவிட வெறும் வண்டி அதிகம் குடித்திருக்கிறது.

அப்புறம்தான் உறைத்தது. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்கிறோம். அது மேற்கிலிருந்து வருகிறது. மயிலாடுதுறை, குத்தாலம், ஆடுதுறை, கும்பகோணம், சுவாமிமலை, கணபதி அக்ரகாரம் என்று நான் வருவதோ மேற்கு நோக்கி. விடியற்காலையில் போகும்போது காற்றே இல்லை, இருட்டில் 50-க்கு மேல் போவதும் இல்லை. மத்தியானம் வீட்டுச் சாப்பாட்டுக்காக 80-ல் வருகிறேன். எதிர்க்காற்று 20 என்றால் வண்டியின் முகத்தில் அடிப்பது 100. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்கு. அந்தக் கணக்கில் 80-க்கும் 100-க்கும் நடுவே தடை ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. போதாததற்கு, இலை வாடாமலிருக்கக் கம்பி வளைத்துக் கட்டிய தார்ப்பாயைப் பிரிக்காமல், பாய்மரம் மாதிரி விரித்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. வண்டி எடுக்கவில்லை. அம்மாவைப் புஷ்ய மண்டபத் துறைக்கு அழைத்துப் போனேன். தெரு அடைத்துக் கிடந்தது. அரைமணி நேரமாக எஞ்சினை அணைக்காமல் நின்ற கார்களை எண்ணிக்கொண்டிருந்தேன். அம்மா, "ஆத்தைப் பாருடா" என்றாள்.

ஆகஸ்ட் 5

மயிலாடுதுறையிலேயே தார்ப்பாயை மடித்து, கம்பியைக் கழற்றிப் பாடிக்குள் படுக்கவைத்தேன். 55-க்கு மேல் போகவில்லை. ஒரு மினிபஸ் கூட முந்திப் போனது, கொஞ்சம் ரோஷமாகத்தான் இருந்தது. திரும்பிய 71 கிலோமீட்டருக்கு 5.2 லிட்டர். வீட்டுக்கு வர இருபது நிமிஷம் தாமதம், சாம்பார் ஆறியிருந்தது.

ஆகஸ்ட் 9

302 கிலோமீட்டர், 22.7 லிட்டர். 13.3!

அக்கா மகனோடு சேர்ந்து போனேன். பாலத்து இறக்கத்தில் நியூட்ரலுக்குத் தள்ளினான்.

"ஏன்டா மாப்ளே?"

"டீசல் மிச்சம் மாமா."

மிச்சமில்லை. இந்த எஞ்சினில் கியரில் இருந்தபடியே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், இறக்கத்தில் டீசல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில் விட்டால் அணையாமல் இருக்கவே கொஞ்சம் குடிக்கும். எஞ்சினும் வண்டியைப் பிடிக்காது. லோடு வண்டியை அப்படி இறக்கத்தில் விடுவது வம்பு. சொன்னேன். கொஞ்ச தூரம் பேசாமல் வந்தான்.

"சரி மாமா, நான் கியர்லயே வர்றேன். நீங்க எண்பதுல வராதீங்க."

தார்ப்பாய்க்கு இரண்டு கயிறு வாங்கவேண்டும். தினமும் கட்டி அவிழ்த்ததில் பழையது நைந்துவிட்டது.