சராசரியா, கூட்டலா: புலன்களும் மதிப்பும் படிப்பவர்களுக்கு

முதுகலை நரம்பியல் தேர்வில் நான் கோட்டைவிட்ட கேள்வி இது. ஒரு பொருளின் நிறம் ஒரு பரிசையும், அதன் ஓசை வேறொரு பரிசையும் குறிக்கிறது. மொத்த மதிப்பை மூளை எப்படிக் கணிக்கும்? தெரிந்த சூத்திரத்தை அப்படியே போட்டேன். சூத்திரம் சரி, போட்ட இடம் தப்பு.

அந்தச் சூத்திரம் எர்ன்ஸ்ட், பேங்க்ஸ் இருவரும் 2002-இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வில் வருவது. ஒரு மேட்டின் உயரத்தைக் கண்ணாலும் கையாலும் அளக்கும்போது, தடுமாற்றம் குறைந்த புலனுக்கு மூளை அதிக எடை தருகிறது. கண் 10 மி.மீ. என்கிறது, வேரியன்ஸ் (அளவு எவ்வளவு சிதறுகிறது என்பதன் கணக்கு) 1; கை 15 என்கிறது, வேரியன்ஸ் 4. எடை வேரியன்ஸுக்கு எதிர்விகிதத்தில் வரும், ஆக எடைகள் 0.8, 0.2. விடை 11, அதன் வேரியன்ஸ் 0.8, அதாவது கண்ணை மட்டும் நம்புவதைவிடவும் துல்லியம். எண்களை மாற்றி மாற்றி நீங்களே போட்டுப் பாருங்கள், மறக்கவே மறக்காது.

மதிப்பு அப்படியல்ல. நிறத்துக்கு 3 சொட்டுச் சாறு, ஓசைக்கு 2 சொட்டு, இரண்டும் தனித்தனிப் பரிசு என்றால் மொத்தம் 5. நான் அதே 0.8, 0.2 எடைகளைப் போட்டு எழுதியது 2.8. இரண்டு பரிசு சேர்ந்தும் நிறத்தின் பரிசு ஒன்றைவிடவே குறைவாக வருமா? விடையைத் திருப்பிப் பார்த்திருந்தாலே பிடிபட்டிருக்கும். அதேசமயம், இரு புலன்களும் ஒரே பரிசைப் பற்றித்தான் சொல்கின்றன என்றால் சராசரியே சரி. ஆகவே எழுதும் முன் கேள்வியில் இதைத் தேடுங்கள்: ஒரே பொருளுக்கு இரண்டு சாட்சிகளா, இரண்டு பொருள்களா?

மூளைப் பகுதிகளில், கண்களுக்கு மேலே மூளையின் முன்புறத்தில் இருக்கும் ஆர்பிட்டோஃப்ரன்டல் கார்டெக்ஸை ஆழமாகப் படியுங்கள். சுவை, மணம், காட்சி மூன்றும் வந்து கூடுமிடம் அது. குரங்குக்கு ஒரு சுவை திகட்டிவிட்டால், அந்தச் சுவைக்கு அங்குள்ள நியூரான்களின் துடிப்பு குறைகிறது. சுவைச் செய்தி முதலில் வந்துசேரும் கார்டெக்ஸ் பகுதியான முதன்மைச் சுவைப் புறணியிலோ அப்படிக் குறைவதில்லை. சுவை அதேதான், மதிப்புதான் போய்விட்டது! எனக்கு இந்தப் பாடமே பிடித்துப்போனது இதைப் படித்த அன்றுதான்.

பாடோவா-ஸ்கியோப்பா, அசாத் 2006-இல் செய்த, குரங்குகள் இரண்டு சாறுகளில் ஒன்றைத் தெரிவுசெய்யும் ஆய்வை எழுதும்போது கவனம். நியூரான்கள் மதிப்பைக் குறிப்பதை அது காட்டுகிறது. ஆனால் அங்கே தெரிவுகள் கண்ணுக்கு மட்டுமே காட்டப்பட்டன. புலன்களை இணைப்பதற்கு அதைச் சான்றாக வைக்காதீர்கள்.