ஊசி போட்டால் சாப்பிட வேண்டும்

ஏப்ரல் 13, 2025, குருத்தோலை ஞாயிறு

நைட் டியூட்டி முடிந்து ஓடித்தான் வந்தேன். புதுவருஷத்துக்கு முன்னால் வீட்டுக்குப் போகக்கூடிய நோயாளர் எல்லாருக்கும் நேற்றுப் பின்னேரமே துண்டு வெட்டிவிட்டார்கள். விடிந்ததும் ஆறேழு பேர் பையைக் கட்டிக்கொண்டு கட்டிலடியில் நின்றார்கள். மருந்தையும் கிளினிக் கொப்பியையும் கையில் கொடுத்து, அடுத்த கிளினிக் திகதியைச் சொல்லி அனுப்பிவிட்டு, எட்டு மணி பவனிக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தேன்.

எங்கள் மலையில் தென்னை ஏது? ஓலை இந்த வருஷமும் கினிகத்தேனைப் பக்கமிருந்துதான் வந்தது. ஓசன்னா பாடும்போது தூக்கமே தெரியவில்லை.

ஏப்ரல் 14

சிங்களப் பிள்ளைகள் எல்லாரும் புதுவருஷத்துக்கு ஊருக்குப் போய்விட்டதால் காலை டியூட்டி எனக்கு. ஒன்பதரைக்கு ஒரு பாட்டியைத் தூக்கி வந்தார்கள். உடம்பெல்லாம் பச்சைத் தண்ணீர் மாதிரி வியர்வை. நெற்றியில் பூசிய விபூதி கரைந்து புருவத்தில் இறங்கியிருந்தது. நேற்றுக் காலை நான் அனுப்பிவைத்த அதே பாட்டி.

சுகர் பார்க்க விரலைப் பிடித்தேன். நாற்பது வருஷம் கொழுந்து பறித்த விரல்; நுனியெல்லாம் கறை, தோல் காய்ப்பு. ஊசி முதல் தடவை இறங்கவில்லை. விரலின் பக்கவாட்டில் குத்தியதும் ஒரு சொட்டு வந்தது. 41, மிகக் குறைவு.

நரம்பு கிடைக்கச் சில நிமிஷம் ஆனது. ஐம்பது சதவீத குளுக்கோஸை மெதுவாக ஏற்றும்போது நான் வாய்க்குள் "இயேசப்பா, இயேசப்பா" என்றேன். கொஞ்ச நேரத்தில் பாட்டி கண் திறந்து "ஆத்தா" என்றார். பேத்தி அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னாள். ஆறு மணிக்கே குளித்து, சீனி வருத்தத்துக்கான இன்சுலின் ஊசியும் போட்டுக்கொண்டு, மாரியம்மன் கோயிலுக்குப் போயிருக்கிறார். பூசை முடியாமல் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது என்பது அவருடைய பழக்கம். மிஸ் சொன்ன மாதிரி சாப்பாட்டுக்கு முன்னாலதான் போட்டாங்க, என்றாள் பிள்ளை.

ஆமாம், "காலையும் இரவும் சாப்பாட்டுக்கு முன்னால" என்றுதான் நான் சொன்னேன். போட்டு அரை மணியில் சாப்பிட்டே ஆக வேண்டும், சாப்பாடு இல்லாத நாளில் டொக்டரைக் கேட்காமல் ஊசி போடக் கூடாது என்பதைச் சொல்லவில்லை. வழக்கமாக அதைச் சொல்லி, திருப்பிச் சொல்லவும் வைப்பேன். நேற்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரவு

தூக்கம் வரவில்லை. நான் அவசரப்பட்டது ஆலயத்துக்குப் போக. அவர் பட்டினி கிடந்தது கோயிலுக்குப் போக. நல்ல சமாரியன் உவமையில், அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டும் ஒதுங்கிப் போன ஆசாரியனை எப்போதும் கல்நெஞ்சுக்காரனாகத்தான் நினைத்திருந்தேன். அவனும் ஏதோ ஒரு ஆராதனைக்கு நேரமாகிவிட்டது என்று போனவனாக இருக்கலாம்.

ஏப்ரல் 15

வாட்டுக்குப் பொறுப்பான சிஸ்டரிடம் உள்ளதைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, இனி வீட்டுக்குப் போகிறவர் திருப்பிச் சொல்லாமல் கொப்பியைக் கையில் கொடுக்காதே என்றார். சரி. அது எனக்குத் தெரிந்ததுதான்.

பாட்டியிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. "என் பிழை பாட்டி, நான் சரியாச் சொல்லல்ல. மன்னிச்சிருங்க." அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அட போ கண்ணு, நீ புள்ள, ராவெல்லாம் முழிச்சிருந்த" என்றார். அப்புறம், என் கழுத்துச் சங்கிலியில் இருந்த சிலுவையைத் தொட்டுப் பார்த்து, "உங்க சாமிகிட்ட எனக்கும் கேட்டியா?" என்றார். கேட்டேன் என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை. யூனிபோமில் நிற்கும்போது, கட்டிலில் கிடக்கிறவரிடம் அதற்கு மேல் பேசுவது சரியில்லை என்பது என் எண்ணம். எழுந்துபோக முடியாதவர் நாம் எதைச் சொன்னாலும் தலையாட்டத்தான் செய்வார்.

ஏப்ரல் 16

பாதத்தைப் பார்க்காமல் அனுப்பியிருந்ததும் இன்றுதான் தெரிந்தது. இடது காலில் நாலாவது விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில் அட்டை கடித்த இடம் புண்ணாகியிருக்கிறது. அவருக்கு வலியே இல்லை. சீனி வருத்தம் நரம்பைத் தின்ற காலில் வலி இருக்காது, அதுதான் பயம். சலைனில் கழுவினேன். குதி வெடிப்பில் மலை மண் கறுப்பாக ஏறியிருந்தது, அது போகவே இல்லை. "சீ, என் காலப் போய்த் தொடுறியே" என்று காலை இழுத்துக்கொண்டே இருந்தார்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

இரவு டியூட்டி. ஆராதனைக்குப் போகவில்லை.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

மும்மணி நேர ஆராதனை முடிந்து போதகரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஆறுதல் சொல்லத் தொடங்கவில்லை. "பாட்டி வீட்டில் மருந்தை எங்கே வைக்கிறார்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

எங்கள் ஆலயத்தில், வேதம் சொல்லிக்கொடுத்த உபதேசியார்களைப் பற்றிப் பெரியவர்கள் சொல்வார்கள். 1854-இல் கோப்பித் தோட்டத் தொழிலாளருக்காகத் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கிய காலத்திலிருந்து, அவர்கள் தோட்டம் தோட்டமாக நடந்தே போனவர்கள். பாட்டி இருக்கும் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, பஸ்ஸை விட்டு இறங்கினால் நாற்பது நிமிஷ நடை.

ஏப்ரல் 19

பாட்டி நேற்றே வீட்டுக்கு வந்துவிட்டார். வரலாமா என்று மகளிடம் கேட்டுக்கொண்டுதான் போனேன். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, பின்னால் ஒட்டிய குசினி. இன்சுலின் போத்தல் அடுப்புக்கு மேலே தட்டில், உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில். அடுப்புச் சூடு நாள் முழுக்க அதில் பட்டால் மருந்து கெட்டுப்போகும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீடு, ஆனால் எங்கள் மலைக் குளிரே பாதி உதவி. பெரிய சட்டியில் ஈர மணல் போட்டு அதற்குள் சின்னச் சட்டியை இறக்கி, போத்தலை அதில் வைத்து ஈரத்துணியால் மூடி, வெயில் படாத மூலைக்கு மாற்றினோம். திறந்த போத்தல் நாலு வாரத்துக்குத்தான் என்று திகதியையும் எழுதி ஒட்டினோம்.

மகள் கொழுந்து மலைக்குப் போகிறவர். தாயை கிளினிக் கூட்டிப்போனால் அன்றைக்குப் பேர் இல்லை, நாள் சம்பளம் 1,350 ரூபா போய்விடும். அதனால் எட்டாம் வகுப்புப் பேத்திதான் வீட்டு நர்ஸ். போத்தலைக் குலுக்கக் கூடாது, உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டிப் பால் மாதிரி ஒரே வெள்ளையாக வரவேண்டும் என்று காட்டினேன். ஒரு தாளில் சூரியனையும் நிலாவையும் வரைந்து, ஒவ்வொன்றுக்கும் கீழே ஊசி, அடுத்து ரொட்டித் தட்டு. பேத்தி தட்டைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டாள்.

"விரத நாள்ல?" என்று பாட்டியே கேட்டார். அதைக் கேட்கத்தான் காத்திருந்தேன். விரதத்துக்கு முன்னால் கிளினிக் டொக்டரிடம் கேளுங்கள், கேட்காமல் போட்டுவிட்டுப் பட்டினி கிடக்காதீர்கள் என்றேன். திருப்பிச் சொல்லச் சொன்னேன். சொன்னார்.

ஏப்ரல் 20, உயிர்த்த ஞாயிறு

இன்றைய காலை டியூட்டியை ஒரு சிங்கள அக்கா தானாகக் கேட்டு எடுத்துக்கொண்டார். "நீ எங்க அவுருது புதுவருஷத்துக்கு நின்னாய் தானே" என்றார். ஊரிலிருந்து கொண்டுவந்த கொக்கிஸ் பலகாரமும் கையில் தந்தார்.

அதிகாலை ஐந்து மணி ஆராதனை. வாசலில் போலிஸ், பைச் சோதனை. 2019-இல் குண்டு வெடித்த உயிர்த்த ஞாயிறன்று நான் உயர்தர மாணவி. இறந்தவர்களுக்காக இன்றும் எழுந்து நின்றோம். இருட்டில் ஒரு மெழுகுதிரியிலிருந்து அடுத்ததற்கு நெருப்பு கைமாறி வந்தபோது பாட்டியின் பெயரைச் சொல்லி ஜெபித்தேன்.

பத்து மணிக்குப் பேத்தி போன் எடுத்தாள். ஊசி போட்டாச்சு, ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டாச்சு, புண்ணையும் பார்த்தாச்சு. அந்தத் தாளைப் பக்கத்துக் காம்பராவில் ஒரு தாத்தாவும் கேட்கிறாராம்.

நாளை சிஸ்டரிடம் கேட்க வேண்டும், வாட்டுக்கு ஐம்பது பிரதி எடுக்கலாமா என்று. சிங்களத்திலும்.