முன்னச்சு உதறல்: ஒரு கராஜ் நாட்குறிப்பு

யூலை 8

கிண்ணியாவிலிருந்து ஒரு பழைய லாண்ட் ரோவர் டிஃபெண்டர் 110 ஜீப் இன்று வந்து சேர்ந்தது. மணிக்கு 65 கிலோமீற்றரைத் தாண்டிய பிறகு பாலத்தின் இணைப்பிலோ வீதிப் பள்ளத்திலோ ஒரு முன்சில்லு விழுந்தெழுந்தால் முன்பக்கம் முழுவதும் உதறத் தொடங்குகிறது என்றும், ஸ்ரியரிங் கையை உதறிவிட்டுத் தானாக இடமும் வலமும் அடிக்கிறது என்றும், வாகனம் நிற்கும் அளவுக்கு வேகம் குறைந்தால்தான் அது அடங்குகிறது என்றும் உரிமையாளர் சொன்னார். "தம்பி, போன மாசம்தான் புது டம்பர் போட்டது. கொஞ்ச நாள் நல்லா இருந்துட்டு திரும்பவும் துவங்கிட்டு" என்றார்.

"நானா, அந்த டம்பரைக் கழற்றி வைச்சிட்டுத்தான் நான் பார்ப்பன்" என்றேன்.

ஸ்ரியரிங் டம்பர் என்பது சில்லுகளைத் திருப்பும் தண்டுடன் பூட்டிய ஒரு ஷொக் அப்சோபர்தான். சிறிய அதிர்ச்சிகளைத் தணிப்பது அதன் வேலை. எங்கோ ஒரு மூட்டுத் தளர்ந்திருக்கும்போது புதிய டம்பரைப் பூட்டினால் அது அந்தத் தளர்வை மறைக்கும். மறைந்திருக்கும் காலமெல்லாம் தளர்வு வளர்ந்துகொண்டே போகும். இந்தத் தொழிலில் எனக்கு மிகுந்த கவலை தருகிற பழக்கம் இதுவே.

யூலை 9

காலையில் சோதித்தோம். வாகனத்தை ஜக்கில் ஏற்றாமல், நான்கு சில்லும் தரையில் நிற்க, எஞ்சினை இயக்கிவிட்டு, உரிமையாளரின் மகனை இருக்கையில் அமர்த்தி, ஸ்ரியரிங்கை இரு பக்கமும் சிறிது சிறிதாக, விரைவாகத் திருப்பச் சொன்னேன். நான் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டிலும் விரல்களை வைத்துப் பார்த்துக்கொண்டு போனேன். ஜக்கில் தூக்கிவிட்டுச் சில்லைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். பாரம் சில்லில் இல்லாதபோது, அச்சு பக்கவாட்டில் நகராமல் அதைச் சட்டகத்துடன் பிணைக்கும் தண்டான பன்ஹாட் ரொட்டின் தளர்வு வெளியே தெரியாது.

இரு முன்சில்லுகளையும் ஒன்றாகத் திருப்பும் ட்ராக் ரொட்டின் இரு முனைகளும் இறுக்கமாகவே இருந்தன. பன்ஹாட் ரொட்டின் அச்சுப் பக்கத்து முனைக்கு விரல் போனதும் விடை கிடைத்தது. ஒவ்வொரு திருப்பலிலும் அச்சு அசைவதற்கு முன்னரே போல்ற்றின் தலை ஒரு நூலளவு நகர்ந்து 'டக்' என்று தட்டியது. மூட்டுக்குள் இருக்கும் இறப்பர் உறையான புஷ்ஷைச் சுற்றிச் செங்கல் நிறத் துருத்தூள் வளையமாகப் படிந்திருந்தது. போல்ற்றைக் கழற்றியபோது அதன் தண்டில் நகம் தடுக்கும் அளவுக்கு ஒரு படி தேய்ந்திருந்தது. போல்ற் நுழையும் அச்சுப் பிடிப்பின் துளை வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் நீண்டிருந்தது. நிலாவெளிப் பக்கம் கடற்கரையில் படகு இழுக்கப் போய்வருகிற வாகனம் இது. உப்புக் காற்றும் ஈர மணலும் எங்கே முதலில் கடிக்கும் என்பது திருகோணமலையில் வேலை செய்கிற எவருக்கும் தெரியும்.

யூலை 10

இவ்வளவு சிறிய தளர்வு இரண்டு தொன்னுக்குக் கிட்டிய வாகனத்தை எப்படி உலுக்குகிறது என்று அந்தப் பையன் கேட்டான். கேட்க வேண்டிய கேள்வி என்பதால் அதற்கான விடையை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

ஒற்றை அச்சில் இரண்டு முன்சில்லுகளும் ஒரே இரும்பால் பிணைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு சில்லு மேட்டில் ஏறினால் அச்சு முழுவதும் சரிகிறது. அதனுடன் சுழன்றுகொண்டிருக்கிற இரு சில்லுகளும் சரிகின்றன. வேகமாகச் சுழலும் பம்பரத்தை ஒரு பக்கம் தள்ளினால் அது தள்ளிய பக்கம் சாயாமல் அதற்குக் குறுக்கான திசையில் திரும்புவதைப் போல, சரிக்கப்பட்ட சில்லுகளும் இடமாகவோ வலமாகவோ திரும்ப முயல்கின்றன. அவை திரும்பியதும் ரயரின் பக்கவிசை அச்சை மறுபடியும் அசைக்கிறது. அந்த அசைவு மறுபடியும் சில்லைத் திருப்புகிறது. மூட்டுகள் இறுக்கமாக இருந்தால் இந்தச் சுற்று ஓரிரு அசைவில் செத்துவிடும். தளர்ந்திருந்தால், ஓடுகிற வாகனத்தின் வேகத்திலிருந்தே சக்தியை எடுத்துக்கொண்டு அது வளர்கிறது.

235/85 R16 அளவு ரயரின் சுற்றளவு ஏறத்தாழ 2.5 மீற்றர். மணிக்கு 70 கிலோமீற்றரில் அது செக்கனுக்கு எட்டுத் தடவைக்குக் கிட்டச் சுழல்கிறது. ரிம்மில் பூட்டிய ஈயத்துண்டு விழுந்து சமநிலை கெட்ட ரயர் ஒன்று செக்கனுக்கு அத்தனை தடவை அச்சைத் தட்டும். அச்சு இயல்பாக ஆடுகிற வேகத்துடன் அது பொருந்திவிட்டால் பள்ளம்கூடத் தேவையில்லை.

இது புதிய நோயும் அல்ல. முன்சில்லுக்குப் பிறேக்கும் காற்றழுத்தம் குறைந்த பருத்த ரயர்களும் வந்த 1920களில் ஒற்றை அச்சுக் கார்கள் இதே உதறலால் பெரிதும் சிரமப்பட்டன. பிரெஞ்சுப் பொறியியலாளர் ஜோர்ஜ் புரூலியே 1925இல் இதை ஆராய்ந்து எழுதினார். ஜெனரல் மோட்டோர்ஸ் 1934இல் முன்சில்லுகளைத் தனித்தனியே தொங்கவிட்ட கார்களைச் சந்தைக்குக் கொண்டுவந்ததற்கு இந்த உதறலும் ஒரு காரணம். கரடுமுரடான நிலத்தில் ஒற்றை அச்சின் உறுதிக்கு இணை இல்லை என்பதால் பழைய டிஃபெண்டர், லாண்ட் குரூசர் 80, பழைய நிசான் பட்ரோல், ஜிம்னி, ஜீப் ராங்ளர் முதலியவை அதைக் கைவிடவில்லை. அந்த உறுதியை விரும்பி வாங்குகிறவர், அதன் மூட்டுகளைப் பார்க்கும் பொறுப்பையும் சேர்த்தே வாங்குகிறார்.

யூலை 13

போல்ற்றுக்குச் சரியான அளவில் துளையிட்ட தடித்த உருக்குத் தகடுகளைப் பிடிப்பின் இரு முகத்திலும் பற்றவைத்து, புதிய புஷ்களும் புதிய போல்ற்றும் போட்டோம். இறப்பர் புஷ்ஷின் போல்ற்றை, வாகனத்தின் பாரம் சில்லுகளில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். அச்சு தொங்கும் நிலையில் இறுக்கினால் வாகனத்தை இறக்கியவுடன் இறப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழிந்துவிடும்.

ட்ராக் ரொட்டைக் கழற்றி, சில்லு திரும்பும் மூட்டான ஸ்விவலை வில் தராசால் இழுத்துப் பார்த்ததில், வேலைக் கையேடு சொல்லும் இழுவிசை இடப்பக்கத்தில் இல்லை. அந்த மூட்டின் மேல் பின்னின் கீழிருந்த மெல்லிய தகடுகளான ஷிம்களைக் குறைத்துச் சரிசெய்தோம். முன்னர் யாரோ இரண்டு அங்குல உயரமான ஸ்பிரிங்குகளைப் போட்டிருந்ததால், 3 பாகையாக இருக்க வேண்டிய காஸ்ரர் கோணம் (சில்லு திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாயும் கோணம்) குறைந்திருக்கிறது. நேர்வீதியிலும் வாகனம் அலைவதற்கு அதுவே காரணம். உயர்த்துவதற்குக் காசு செலவழிப்பவர்கள் கோணத்தைத் திருத்துவதற்கும் சேர்த்து ஒதுக்க வேண்டும். உரிமையாளர் பழைய உயரத்துக்கே திரும்பச் சம்மதித்தார்.

யூலை 15

சீனக்குடா மா ஆலைக்குப் போய்வரும் லொறி ஒன்று, அதுவும் முன்பக்க உதறலுக்காக. இலை ஸ்பிரிங் என்பதால் பன்ஹாட் ரொட் கிடையாது; சந்தேகம், சில்லு திரும்புவதற்கான செங்குத்து முளையான கிங் பின்னில். முன்பக்கத்தைத் தூக்கி, சில்லின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிந்தது. சாரதியைப் பிறேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மீண்டும் ஆட்டினேன். ஆட்டம் நின்றிருந்தால் பெயரிங். நிற்கவில்லை, ஆகவே கிங் பின்தான். புஷ்களோடு மாற்றினோம். முன்பக்கத்தைத் தூக்கி, சில்லில் பாரம் இல்லாதபோது கிறீஸ் அடித்தால் அது பின்னைச் சுற்றி நன்றாகப் பரவும் என்று சாரதிக்குக் காட்டிக்கொடுத்தேன்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியாருக்கு மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலம் முழுவதும் பழைய வாகனங்களையே ஓட்டித் தேய்த்திருக்கிறோம். தனியார் ஜீப்புக்கு ஆண்டுதோறும் புகைச் சான்றிதழ் கேட்கிறார்கள். ஸ்ரியரிங் மூட்டைப் பார்க்க எவரும் கேட்பதில்லை. இதை எண்ணும்போது எனக்கு உண்மையிலேயே அச்சமாக இருக்கிறது.

யூலை 18

ரயர்களைச் சமநிலைப்படுத்தி, டம்பர் இல்லாமலே முதலில் கந்தளாய் வீதியில் மெதுவாகவும் பின்னர் சிறிது சிறிதாக வேகத்தைக் கூட்டியும் ஓட்டினேன். தம்பலகாமம் தாண்டிய மேடுபள்ளத்திலும் சில்லுகள் ஒருமுறை அசைந்து உடனே நேராகின. அதன் பிறகே டம்பரைத் திரும்பப் பூட்டினேன்.

வண்டியை ஒப்படைக்கும்போது நானாவுக்கும் மகனுக்கும் சொன்னவை: என்றாவது உதறல் வந்தால் பிறேக்கை ஓங்கி மிதிக்காமல் அக்சிலேற்றரை விட்டு, ஸ்ரியரிங்கை நேராகப் பிடித்து, பெருவிரலை வளையத்துக்கு உள்ளே கோக்காமல், சீராக வேகத்தைக் குறைத்து ஓரம் கட்ட வேண்டும். சில நூறு கிலோமீற்றர் ஓடியதும் பன்ஹாட் போல்ற்றுகளை மறுபடி இறுக்கிப் பார்க்க வண்டியைக் கொண்டுவர வேண்டும். அடுத்த மாதம் அறுவடைக்கு முன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.