8 கிலோ என்றால் எந்த 8 கிலோ?

கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். நடந்துகொண்டே எடுத்தாலும் படம் ஆடாமல் கமராவைத் தாங்குகிற ஒரு ஸ்ரெடிகாம் செற்றுக்காக நான் அந்தத் தூரத்தை மூன்று தடவை போய் வந்தேன். ஒரே தடவையில் முடிந்திருக்க வேண்டிய அலுவல். முதல் பயணம் என் அவசரத்தால் வீணாய்ப் போனது. மூன்றாவது பயணம் ஒரு சின்னக் கோட்டால் வந்தது. கோடு என்றால், எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் போடுகிற அந்தக் கோடுதான். அந்தக் கதை பிறகு.

எங்களுடையது சின்னத் தொலைக்காட்சி ஸ்ரூடியோ. பழைய நெல் களஞ்சியம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, தகரக் கூரைக்குக் கீழே சீலிங் அடித்து, சுவரெல்லாம் கறுப்புத் துணி கட்டியிருக்கிறோம். மழை பெய்தால் ஒலிப்பதிவு கிடையாது. மூன்று கமரா. இரண்டு ஸ்டாண்டில் நிற்கும். மூன்றாவது நடமாட வேண்டும் என்பது தயாரிப்பாளர் அண்ணையின் நெடுநாள் ஆசை. பொங்கல் நிகழ்ச்சியில் கோலத்தில் தொடங்கி, பானையைச் சுற்றி, பாட்டுக்காரர்களின் முகத்தில் போய் நிற்கிற ஒரே ஷொட் வேண்டும், நடுவில் வெட்டக்கூடாது என்றார்.

நான் கல்யாண வீட்டு வீடியோவிலிருந்து வந்தவன். கமராவை ஆடாமல் பிடிக்கிற, மோட்டர் வைத்த கைக் கிம்பல் என்னிடம் ஏற்கெனவே இருந்தது. அதிலேயே செய்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். டிஜேஐ ஆர்எஸ் 3 ப்ரோ போன்றவற்றுக்கே தாங்கும் எல்லை 4.5 கிலோ. எங்கள் ஸ்ரூடியோக் கமரா தோளில் வைக்கிற வகை, முன்னால் நீண்ட ஸூம் லென்ஸ். கிம்பலில் ஏற்றினால் மூக்கு கீழே போகும், மோட்டர் முனகும். ஏற்றினாலும் ஒரு மணிநேர நிகழ்ச்சிக்குக் கையால் தூக்கிக்கொண்டு நிற்க நான் பயில்வான் இல்லை. ஆக, உடம்பில் கட்டுகிற அங்கி, ஸ்பிரிங் கை, கம்பம் மூன்றும் சேர்ந்த பழைய முறைதான் சரி என்று முடிவானது. ஸ்ரெடிகாம் என்பது உண்மையில் ஒரு பிராண்டின் பெயர். 1970களில் கரெட் பிரவுண் என்ற அமெரிக்கக் கமராக்காரர் கண்டுபிடித்தது. எங்கள் பக்கத்தில் கை உழவு இயந்திரம் எல்லாமே லாண்ட்மாஸ்ரர் ஆன மாதிரி, இந்த வகைச் சாமான் எல்லாமே ஸ்ரெடிகாம் ஆகிவிட்டது. நாங்கள் வாங்கியதும் அந்த பிராண்ட் இல்லை, விலை குறைந்த செற்தான்.

முதல் பயணம். கொழும்பில் ஒரு கடையில் 165,000 ரூபாய்க்கு செற் இருக்கிறது, 8 கிலோ தாங்கும் என்றார்கள். கமரா 5, 6 கிலோ இருக்கும், தாராளமாய்ப் போதும் என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டு இரவு பஸ்ஸில் ஏறினேன். கமராவைக் கொண்டுபோகவில்லை. பாரம், பஸ்ஸில் இடிபடும் என்ற சாட்டு. முறிகண்டியில் பஸ் நிற்கும்போது பிள்ளையாருக்குத் தேங்காய்கூட உடைத்தேன். பிள்ளையார் மீது குறை சொல்வதற்கில்லை. கமராவை வீட்டில் விட்டுவிட்டு வந்தவனுக்கு அவர் என்ன செய்வார்?

கடையில் ஒரு சின்னக் கமராவை மாட்டிக் காட்டினார்கள். மிதந்தது. மயங்கிவிட்டேன். காசைக் கட்டி, பெட்டியின் மூலையில் மார்க்கரால் கிளிநொச்சி என்று எழுதி, பஸ்ஸின் கீழ்த்தட்டில் போட்டுக்கொண்டு வந்தேன்.

ஸ்ரூடியோவில் எங்கள் கமராவை ஏற்றினால் ஸ்பிரிங் கை எழும்பவே இல்லை. ஸ்பிரிங் திருகைக் கடைசி வரை இறுக்கிப் பார்த்தோம். கமரா என் நெஞ்சுக்கு நேரே நிற்க வேண்டும், தொப்புளுக்குக் கீழே தொங்கியது. ஒரு அடி நடந்தால் கை அடியில் போய் டக்கென்று இடித்தது.

அடுத்த நாள் காலை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு சந்தைக்குப் போனேன். தெரிந்த மரக்கறிக் கடை அக்காவின் டிஜிற்றல் தராசில், கத்தரிக்காயைத் தள்ளிவிட்டு, ஒவ்வொன்றாக நிறுத்தேன். லென்ஸும் மைக்கும் சேர்ந்த கமரா 5.6 கிலோ. கமராவைப் பூட்டுகிற அடித்தட்டு 0.3. கம்பமும் அதில் உள்ள கிம்பலும் (இது மோட்டர் இல்லாதது, கம்பத்தைக் கையோடு சேர்க்கிற, எல்லாப் பக்கமும் திரும்பும் மூட்டு) 2.4. மொனிற்றர் 0.5. பற்றரி 0.8. மொத்தம் 9.6. அக்கா எட்டிப் பார்த்து, "கிலோ என்ன விலை போகும் தம்பி?" என்றா. அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விஷயம் இதுதான். ஸ்பிரிங் கை தூக்குவது கமராவை மட்டும் இல்லை. கம்பம், மொனிற்றர், பற்றரி, அடியில் போடும் எடைத் தட்டு எல்லாமே அந்தக் கையில்தான் தொங்குகின்றன. பெட்டியில் 8 கிலோ என்று போட்டிருந்தால், அது கமராவுக்கு மட்டுமா, கம்பத்தையும் சேர்த்தா என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை. கடைக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டபோது, "மொத்தமாத்தான் அண்ணா, அது எல்லாருக்கும் தெரியும்தானே" என்றான் அந்தப் பையன். இன்னொன்று, எல்லைக்கு மிகக் கிட்டவும் வாங்கக்கூடாது. ஸ்பிரிங்கை முழுக்க இறுக்கி வைத்தால் கைக்கு மேலும் கீழும் போக இடமிருக்காது, மிதப்பு போய்விடும்.

இரண்டாவது பயணத்தில் கமரா என் மடியில் இருந்தது, கீழே வைக்கவே இல்லை. காசைத் திருப்பித் தர மாட்டோம், வேறு பொருள் எடுக்கலாம் என்றார்கள். 13 கிலோ வரை தாங்கும் கை உள்ள செற்றை 340,000க்கு எடுத்தேன். பெட்டி உடைத்த குற்றத்துக்கு பழையதின் விலையில் 18,000 கழித்தார்கள். பழையது விற்றுப்போனால் அந்த 18,000இல் பாதியைத் திருப்பித் தருவதாக முகாமையாளர் வாயால் சொன்னார். எழுதி வாங்கவில்லை. வாங்குங்கள்.

இந்தத் தடவை கடையிலேயே எங்கள் கமராவை ஏற்றி, அங்கியைக் கட்டி அரை மணிநேரம் நடந்தேன். கடைக்காரர்கள் முகம் சுளித்தார்கள், பரவாயில்லை. பாரம் தோளில் விழுந்தால் அங்கி அளவில்லை, இடுப்பு எலும்பில் உட்கார வேண்டும். கையை அங்கியோடு சேர்க்கிற கட்டையில் இரண்டு திருகு இருக்கும். கமராவைப் பிடியாமல் விட்டால் அது முன்னாலேயே நிற்க வேண்டும். தானாகப் பக்கத்துக்கு ஓடினால் அந்தத் திருகைச் சரிக்கட்ட வேண்டும். ஒவ்வொருவர் உடம்புக்கும் இது வேறு, அதனால் என்னுடையதை வெள்ளைப் பெயின்றால் குறித்து வைத்திருக்கிறேன்.

அதே பயணத்தில் இன்னொரு அலுவலும் இருந்தது. நடமாடும் கமராவுக்கு வயர் கூடாது என்று நினைத்து, வெளிநாட்டிலிருந்து வயர்லெஸ் வீடியோ செற் ஒன்று ஓடர் பண்ணியிருந்தோம். அலை அனுப்புகிற சாமானுக்கு தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். அது முன்கூட்டியே தெரியும், விண்ணப்பித்துக் கடிதமும் கையில் வந்துவிட்டது. மாட்டிக்கொண்டது பார்சலைக் கொண்டுவந்த கம்பனியின் கவுண்டரில். அங்கிருந்தவர் பெட்டியைத் திருப்பி ஸ்டிக்கரைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார், திரும்ப ஸ்டிக்கரைப் பார்த்தார்.

"கடிதத்தில இருக்கிற மொடல் இல்லையே இது."

"அதேதான் ஐயா. கடைசியில ஒரு கோடும் ஒரு எழுத்தும் கூட இருக்கு, அவ்வளவுதான்."

"அப்ப அது வேற மொடல்தானே."

விற்றவன் இன்வொய்ஸில் செற்றின் பெயரைப் போட்டிருக்கிறான். நானும் விண்ணப்பத்தில் அதையே போட்டுவிட்டேன். சாமானில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில், அனுப்புகிற பெட்டிக்கு ஒரு எழுத்து, வாங்குகிற பெட்டிக்கு ஒரு எழுத்து, நடுவில் கோடு. நியாயமாய்ப் பார்த்தால் அவர் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் சொன்ன விதம் இருக்கிறதே! தேநீரை ஆற்றிக்கொண்டே, "ஒரு கிழமையால வாங்கோ, அதுவரைக்கும் நாள் வாடகை ஓடும்" என்றார். ஏதோ நான் அங்கே அறை எடுத்துத் தங்கியிருக்கிற மாதிரி. திருத்திய கடிதத்தோடு மூன்றாவது பயணம், பதினொரு நாள் வாடகை. நீங்கள் எடுப்பதாயிருந்தால், விண்ணப்பிக்கும் முன்பே விற்பவனிடம் ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கோடு, புள்ளி எல்லாம் அதில் உள்ளபடியே எழுதுங்கள்.

பற்றரி மட்டும் சுகமாய் வந்தது. லண்டன் மச்சான் 95 வாட்-மணி வி-மவுண்ட் (V வடிவப் பூட்டில் மாட்டுகிற கமராப் பற்றரி) இரண்டைக் கைப்பையில் கொண்டுவந்தார். 100க்குக் கீழே என்றால் விமானத்தில் தனி அனுமதி தேவையில்லை, ஆனால் கைப்பையில்தான் வர வேண்டும்.

கமராவின் முதுகில் இருந்த பற்றரியைக் கழற்றி, கம்பத்தின் அடியில் ஒன்றைப் போட்டு, அதிலிருந்தே கமராவுக்கும் மொனிற்றருக்கும் மின் கொடுத்தோம். மேலே பாரம் குறையும், கீழே கூடும், சமநிலைக்கு அதுதான் நல்லது. வயரை ஈயத்தால் பற்ற வைத்துத் தந்த தம்பி பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிப் பிடித்திருந்தான். செருகுவதற்கு முன் மீற்றரை வைத்துப் பார்த்தபடியால் கமரா பிழைத்தது. கமராவுக்கு மின் போகும் நான்கு ஊசிச் செருகியில் 1 மைனஸ், 4 பிளஸ். இதை என் மகளின் பிறந்தநாளை விட நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறேன்.

சமநிலைக்கு இரண்டு நாள் போனது. கம்பத்தைப் படுக்கையாகப் பிடித்து விட்டால், இரண்டு மூன்று விநாடியில் மெதுவாக நிமிர வேண்டும். எங்களுடையது முதலில் ஒரு விநாடியில் சடாரென்று விழுந்து ஊஞ்சல் ஆடியது. கிம்பலைக் கம்பத்தில் அரை அரை மில்லிமீற்றராக நகர்த்தி அதைச் சரிசெய்தோம். அடுத்தது சுழற்றிப் பார்ப்பது. கம்பத்தை மெதுவாகச் சுற்றிவிட்டால் பம்பரம் மாதிரி நேராகச் சுற்ற வேண்டும், தள்ளாடக்கூடாது. தள்ளாடினால் மொனிற்றரையும் பற்றரியையும் முன்னே பின்னே நகர்த்த வேண்டும். எங்கள் மொனிற்றர் பாரம் போதாமல் போக, சைக்கிள் கடையில் இரும்பு வாசர் பன்னிரண்டு வாங்கி அதன் பின்னால் கறுப்பு ரேப்பால் சுற்றினோம். கடையில் எடைத் தட்டு ஒன்றுக்குச் சொன்ன விலைக்கு ஒரு சாக்கு வாசர் வாங்கலாம்.

சைக்கிள் கடையோடு நிறுத்தியிருக்க வேண்டும். உதவிக்கு நின்ற பையன் கிம்பல் இறுகுது அண்ணை என்று அங்கிருந்தே எண்ணெய் வாங்கி விட்டுவிட்டான். எண்ணெயில் எங்கள் ஊர்க் கிரவல் புழுதி ஒட்டி, பெயாரிங் களியாகியது. ஒரு இரவு முழுக்கக் கழுவித் துடைத்தோம். அந்தப் பெயாரிங்குக்கு எண்ணெய் வேண்டாம், புழுதி போகாமல் துணிப்பை போட்டு வைத்தால் போதும்.

இனி அந்த வயர்லெஸ். மூன்று பயணம், கடிதம், வாடகை எல்லாம் முடிந்து ஒத்திகையில் மாட்டினோம். படம் பளிச்சென்று வந்தது. தயாரிப்பாளர் அண்ணை மற்றக் கமராவிலிருந்து என் கமராவுக்கு மாற்றினார். பாடகியின் வாய் பாட்டுக்குப் பின்னால் வந்தது. விலை குறைந்த வயர்லெஸ் படத்தைச் சுருக்கி விரிக்கிறது, அதற்கு நேரம் எடுக்கும். விநாடிக்கு 25 பிரேமில் ஒரு பிரேம் 40 மில்லிசெக்கன். நாங்கள் எண்ணிப் பார்த்தபோது நாலு பிரேம் பிந்தியிருந்தது. ஒலியைப் பிந்தவிடலாம் என்றால் வயரில் வரும் மற்ற இரண்டு கமராவும் பிழையாகிவிடும். வெளியில் ஒற்றைக் கமராவாக எடுத்தால் பரவாயில்லை. ஸ்ரூடியோவில் சரிவராது.

அண்ணை ஒன்றும் பேசவில்லை. எழும்பிப் போய் வயர்ச் சுருள் ஒன்றைக் கொண்டுவந்து என் காலடியில் போட்டார்.

சாதாரண ஆர்ஜி-59 வீடியோ வயர் 6 மில்லிமீற்றர் தடிப்பு. அதைக் கமராவில் கொளுவினால் கம்பம் வயர் இழுக்கிற பக்கம் திரும்பும், பட்ட பாடெல்லாம் போச்சு. அதனால் கமராவிலிருந்து என் அங்கி வரைக்கும் 2.5 மில்லிமீற்றர் ஆர்ஜி-179 மெல்லிய வயர், அங்கியில் ஒரு இணைப்பு, அங்கிருந்து தடித்த வயர். மெல்லியதைக் கிம்பலுக்குக் கிட்டவாக எடுத்து, கன்றுக்குட்டிக்குக் கயிறு விட்ட மாதிரி ஒரு தொய்வு விட்டு ஸ்பிரிங் கையில் கட்டினோம். எந்தக் கமரா ஒளிபரப்பில் இருக்கிறது என்று காட்டும் சிவப்பு லைற்றுக்கு அதோடு இரண்டு கம்பி வயர். பின்னால் வயர் இழுக்க அந்த எண்ணெய்ப் பையனே வந்தான். ஒரு கை வயரில், மறு கை என் முதுகில். பின்பக்கமாக நடக்கும்போது அந்தக் கைதான் எனக்குக் கண்.

ஃபோகஸ் பிடிக்கக் கையைக் கொண்டுபோனால் படம் ஆடும். லென்ஸின் ஸூமை முழு விரிவில் வைத்து, ஒளி புகும் துவாரமான ஐரிஸை 5.6க்கு மூடி, லைற்றைக் கூட்டினோம். கிட்ட உள்ளதும் தூர உள்ளதும் சேர்ந்தே தெளிவாய் விழுந்தது, ஃபோகஸைத் தொட வேண்டியிருக்கவில்லை. பிரச்சினை தீர்ந்தது.

பொங்கலன்று நேரலை. கோலம், பானை, பாட்டுக்காரர்கள். நாலு நிமிடம் சிவப்பு லைற் அணையவில்லை. அங்கியைக் கழற்றும்போது சட்டையைப் பிழியலாம் போலிருந்தது. அண்ணை காதுக் கருவியில் சொன்னது ஒன்றுதான்: "தம்பி, பானைக்கு இன்னும் கொஞ்சம் கிட்டப் போயிருக்கலாம்."

போன கிழமை அந்தக் கடையின் முகநூலைப் பார்த்தேன். பழைய செற் விற்றாயிற்று என்று படத்தோடு போட்டிருந்தார்கள். பெட்டியின் மூலையில் என் கையெழுத்தில் கிளிநொச்சி. மேலே பெரிய எழுத்தில், 8 கிலோ தாங்கும். எனக்கு வர வேண்டிய 9,000 இன்னும் வரவில்லை. தொலைபேசி எடுத்தால் முகாமையாளர் சாப்பிடப் போயிருக்கிறாராம்.