பொறுப்பு கைமாறும்போது கடவுச்சொற்கள் என்ன ஆகின்றன?

சிறிய தொண்டு நிறுவனங்களின் கணினி வேலைகளுக்கு உதவப் போகும்போது, அங்குள்ளவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒரு கேள்விதான்: நிறுவனத்தின் முதன்மை மின்னஞ்சல் கணக்கு யாருடைய கைப்பேசி எண்ணோடு இணைக்கப்பட்டிருக்கிறது? பெரும்பாலும் இதற்கு உடனே பதில் வராது. செயலாளர் பொருளாளரைப் பார்ப்பார். பொருளாளர் அலுவலகப் பணியாளரைப் பார்ப்பார். கடைசியில், எப்போதோ பொறுப்பில் இருந்து விலகிப்போன ஒருவருடைய எண்தான் இன்னமும் அதில் இருக்கிறது என்பது தெரியவரும். ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளில் ஓடிபி அவருடைய கைப்பேசிக்குப் போகும். அவர் பயணத்தில் இருப்பார். அலுவலகமே அவருடைய அழைப்புக்காகக் காத்திருக்கும். கடவுச்சொல் பாதுகாப்பு என்றாலே எட்டு எழுத்து, ஒரு எண், ஒரு சிறப்புக் குறி என்றுதான் பலரும் பேசுகிறார்கள். தொண்டு நிறுவனங்களைப் பொறுத்தவரை உண்மையான சிக்கல் பொறுப்பு கைமாறும் இடத்தில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

ஏறக்குறைய எல்லா அலுவலகங்களிலும் ஒரு எக்செல் கோப்பு இருக்கும். வங்கி, மின்னஞ்சல், நன்கொடைப் பக்கம், முகநூல், இணையதளம் என்று வரிசையாகக் கணக்குகளின் பெயர்கள். பக்கத்துக் கட்டத்தில் பயனர் பெயர். அதற்கடுத்து, யார் திறந்தாலும் படிக்கும்படி கடவுச்சொல். நிறுவனத்தின் பெயரும் அது தொடங்கிய ஆண்டும் சேர்ந்த ஒரே சொல்தான் பாதிக் கட்டங்களில் திரும்பத் திரும்ப வரும். இந்தக் கோப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒருமுறை பகிரப்பட்டிருக்கும். அன்றைக்கு அந்தக் குழுவில் இருந்த மாணவத் தன்னார்வலர்கள், ஒப்பந்தப் பணியாளர்கள், நிகழ்ச்சிக்கு உதவ வந்தவர்கள் எல்லோருடைய கைப்பேசியிலும் அது இன்றும் கிடக்கலாம். அவர்களில் யாரும் கெட்டவர்கள் அல்லர். ஆனால் தொலைந்துபோகும் கைப்பேசிக்கும், பழைய கணினியை வாங்கிச் செல்பவருக்கும் அந்த நல்லெண்ணம் கிடையாது.

இப்படி நடப்பதற்குக் காரணம் அலட்சியம் என்று சொன்னால் அது அநியாயம். ஆளுக்கொரு கணக்கு திறந்தால் ஆளுக்கொரு கட்டணம் என்பதால் ஒரே கணக்கை ஐந்து பேர் பயன்படுத்துகிறார்கள். சம்பளமின்றி உழைப்பவரிடம் கட்டுப்பாடுகளைப் பற்றிப் பேசவே தயக்கம். நாம் எல்லோரும் ஒரே குடும்பம்தானே என்ற எண்ணமும் சேர்ந்துகொள்கிறது. அந்த நம்பிக்கை தொண்டு அமைப்புகளின் பெரிய பலம். அதைக் குலைக்க நான் விரும்பவில்லை. ஆனால் அந்தக் கோப்புகளில் இருப்பது நம்முடைய விவரங்கள் மட்டுமல்ல. குடும்ப வன்முறையிலிருந்து தப்பி வந்த பெண்ணின் முகவரி, ஒரு குழந்தையின் மருத்துவக் குறிப்பு, பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட நன்கொடையாளரின் வங்கி விவரம் ஆகியவையும் அவற்றில்தான் இருக்கின்றன.

2020ஆம் ஆண்டில் தொண்டு நிறுவனங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் நன்கொடையாளர் மென்பொருள் வழங்கும் பிளாக்பாட் என்ற அமெரிக்க நிறுவனத்துக்குள் தாக்குதல் நடத்தியவர் நுழைந்து, மாதக்கணக்கில் உள்ளேயே இருந்து, ஆயிரக்கணக்கான அமைப்புகளின் தரவுகளை எடுத்துச் சென்றார். அவர் உள்ளே வரப் பயன்பட்டது அதன் வாடிக்கையாளர் ஒருவருடைய பயனர் பெயரும் கடவுச்சொல்லும் என்று அமெரிக்க வணிக ஆணையம் பின்னர் தன் புகாரில் குறிப்பிட்டது. அந்நிறுவனத்தின் உள்கட்டமைப்புக் குறைகளும் அந்தப் புகாரில் விரிவாகவே வருகின்றன. ஆனாலும் ஒரே ஒரு கணக்கின் கடவுச்சொல் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு இதைவிட நெருக்கமான எடுத்துக்காட்டு நம் துறைக்குத் தேவையில்லை.

ஆகவே முதல் வேலை, அந்த எக்செல் கோப்பை ஒழித்துவிட்டு ஒரு பாஸ்வேர்ட் மேனேஜருக்கு, அதாவது கடவுச்சொற்களைப் பூட்டிய பெட்டகம் போலச் சேர்த்துக் காக்கும் மென்பொருளுக்கு, மாறுவது. பிட்வார்டன், ஒன்பாஸ்வேர்ட் போன்றவற்றில் நிறுவனத்துக்கென்று பொதுப் பெட்டகங்கள் அமைக்கலாம். வரவுசெலவு தொடர்பானவை பொருளாளருக்கும் கணக்கருக்கும் மட்டும், சமூக ஊடகம் தொடர்பானவை அதைக் கவனிக்கும் தன்னார்வலருக்கு மட்டும் என்று பிரித்துக் கொடுக்கலாம். ஒருவர் விலகினால் அவருடைய அனுமதியை ஒரே இடத்தில் நீக்கிவிடலாம். தொண்டு அமைப்புகளுக்குக் கட்டணச் சலுகை தருபவர்களும் உண்டு. கீபாஸ்எக்ஸ்சி என்ற மேனேஜர் இலவசமானது, நல்லது. ஆனால் அது ஒரு தனிக் கோப்பாக இருப்பதால், பலர் சேர்ந்து பயன்படுத்தும் இடத்தில் யாரிடம் இருக்கும் பிரதி புதியது என்ற குழப்பம் வரும். இரண்டு மூன்று பேர் மட்டுமே உள்ள அமைப்புக்கே நான் அதைப் பரிந்துரைப்பேன்.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைப்பது ஆபத்தில்லையா என்ற கேள்வி எல்லாக் கூட்டங்களிலும் எழுகிறது; எழ வேண்டிய கேள்விதான். 2022இல் லாஸ்ட்பாஸ் என்ற பாஸ்வேர்ட் மேனேஜர் நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர்களின் பெட்டகப் பிரதிகள் திருடப்பட்டன. உள்ளிருந்த கடவுச்சொற்கள் மறையாக்கம் செய்யப்பட்டு, பிறர் படிக்க முடியாத வடிவில் இருந்ததால், பெட்டகத்தைத் திறக்கும் முதன்மைக் கடவுச்சொல்லை வலுவாக வைத்திருந்தவர்களின் பெட்டகத்தைத் திறப்பது மிகக் கடினம். எளிதாக ஊகிக்கக்கூடிய சொல்லை வைத்திருந்தவர்களுக்கு அந்தக் காப்பு இல்லை. எனவே அந்த ஒரு கடவுச்சொல்லில் மட்டும் சமரசம் கூடாது. 1995இல் ஆர்னால்டு ரைன்ஹோல்டு வகுத்த டைஸ்வேர் முறை இன்றும் எனக்கு மிகப் பிடித்தது. 7,776 சொற்கள் கொண்ட பட்டியலை வைத்துக்கொண்டு, ஒரு சொல்லுக்கு ஐந்து முறை பகடை உருட்டி, வரும் எண்ணுக்குரிய சொல்லை எடுக்க வேண்டும். இப்படி எடுத்த ஆறு சொற்களைச் சேர்த்து ஒரே கடவுச்சொல்லாக வைத்தால் போதும். சொற்களை நாமே தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதில்தான் இதன் முழு வலிமையும் இருக்கிறது. மனத்துக்குப் பிடித்த பாட்டின் வரியும், எல்லோருக்கும் தெரிந்த செய்யுளின் அடியும் தாக்குபவரின் பட்டியலிலும் இருக்கும்.

தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை எல்லோரும் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும் என்ற விதியைப் பல அமைப்புகள் இன்னும் கைவிடவில்லை. 2003இல் அமெரிக்கத் தரநிலை நிறுவனத்துக்காக அந்த வழிகாட்டியை எழுதிய பில் பர், தாம் எழுதியதில் பெரும்பகுதிக்காக வருந்துவதாக 2017இல் வெளிப்படையாகச் சொன்னார். அதே ஆண்டில் அந்த நிறுவனமும், கசிந்ததற்கான அறிகுறி இருந்தாலொழியக் கடவுச்சொல்லை மாற்றும்படி பயனரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று வழிகாட்டியைத் திருத்தியது. கட்டாயப்படுத்தினால் மனிதர்கள் செய்வது, கடைசியில் உள்ள 1ஐ 2 ஆக்குவதுதான். கசிந்ததா என்று பார்க்க டிராய் ஹன்ட் 2013இல் தொடங்கிய ஹேவ் ஐ பீன் போன்ட் தளம் இருக்கிறது. நிறுவனத்தின் இணைய முகவரியில் முடியும் மின்னஞ்சல்கள் எவையெல்லாம் கசிவுகளில் சிக்கியுள்ளன என்பதையும் அதில் அறியலாம்.

காலக்கெடு வைத்து மாற்றுவதைக் கைவிட்டு, ஆள் மாறும்போது தவறாமல் மாற்றுங்கள். 2021இல் அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் எண்ணெய்க் குழாய் நிறுவனத்துக்குள் தாக்குபவர்கள் நுழைந்தது, எவரும் பயன்படுத்தாமல் மூடப்படாமலே கிடந்த ஒரு பழைய விபிஎன் கணக்கின் வழியே; வெளியிலிருந்து அலுவலக வலையமைப்புக்குள் நுழையப் பயன்படும் வழி அது. கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பும் அந்தக் கணக்குக்கு இல்லை. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை என்றால், ஆண்டுதோறும் தன்னார்வலர்கள் வந்துபோகும் நம் அமைப்புகளில் எத்தனை கணக்குகள் அப்படிக் கிடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். விடைபெறும் நாளில் பொன்னாடை போர்த்துவதோடு, அவருடைய மின்னஞ்சல், பெட்டக அனுமதி, முகநூல் பக்க நிர்வாகம், வங்கிக் கையொப்பம், மீட்புக்கான கைப்பேசி எண் ஆகிய எல்லாவற்றையும் அவரையே பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு மாற்றிவிடுவது அவருக்கும் பாதுகாப்பு. பின்னாளில் ஏதாவது நடந்தால் சந்தேகம் அவர் பக்கம் திரும்பாது. இணைய முகவரியைப் பதிவு செய்த கணக்கைப் பெரும்பாலும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அது பிறர் கைக்குப் போனால் இணையதளமும் மின்னஞ்சலும் சேர்ந்தே போய்விடும்.

இரண்டடுக்குச் சரிபார்ப்பு பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மின்னஞ்சல், வங்கி, பெட்டகம் ஆகிய மூன்றுக்கும் அது கட்டாயம். ஒரு தனிமனிதரின் எண்ணுக்குக் குறுஞ்செய்தி போவதைவிட, முப்பது நொடிக்கு ஒருமுறை எண்ணை மாற்றிக் காட்டும் செயலி மேலானது. பொதுக் கணக்கு என்றால் அந்த எண்ணையும் பொதுப் பெட்டகத்திலேயே உருவாக்கிக்கொள்ள முடியும். நிர்வாகக் கணக்குகளுக்கு யுஎஸ்பி வடிவிலான பாதுகாப்புச் சாவி இரண்டு வாங்கி, ஒன்றை அலுவலகத்துக்கு வெளியே வைப்பது இன்னும் நல்லது. போலித் தளத்தில் ஏமாந்து நுழைய முயன்றாலும் அந்தச் சாவி வேலை செய்யாது. வங்கியில் மட்டும் பகிர்வே வேண்டாம். ஒருவர் பதிவிட மற்றொருவர் ஒப்புதல் தரும் முறையை, இருவருக்கும் தனித்தனிக் கணக்காகக் கேட்டு வாங்குங்கள்.

பெட்டகத்தின் நிர்வாகி ஒருவராக மட்டும் இருக்கக் கூடாது. அவர் நோயில் விழுந்தால் நிறுவனமே வெளியே நிற்க நேரும். இரண்டாவது நிர்வாகி ஒருவரை நியமித்து, வழக்கமான வழியில் நுழைய முடியாதபோது பயன்படும் மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் குறுக்கே இருவர் கையொப்பமிட்டு, பூட்டிய அலமாரியில் வைக்க வேண்டும். இரண்டாவது நிர்வாகி என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்டவர்களில் பலர் ஒருமுறைகூட உள்நுழைந்து பார்த்ததே இல்லை. அடுத்த குழுக் கூட்டத்திலேயே, முதல் நிர்வாகி எந்த உதவியும் செய்யாமல் இருக்க, இரண்டாவது நிர்வாகி தம் கணினியில் உள்நுழைந்து காட்டட்டும். முடியவில்லையென்றால் அன்றைய நிகழ்ச்சி நிரலில் மற்றவற்றைத் தள்ளிவைத்துவிட்டு அதை முதலில் சரிசெய்யுங்கள்.