கிணத்துல இருந்து 30 மீட்டர் ஆழத்துக்கு

கோபி பக்கம் எங்க தோட்டத்துக் கிணத்துல, இடுப்புல சுரைப்புருடை கட்டிவிட்டு நீச்சல் பழக்குனவரு அப்புச்சி. அடுத்த மாசம் புதுச்சேரில ஸ்கூபா, அதாவது காத்து சிலிண்டரை மாட்டிக்கிட்டுக் கடலுக்கடியில நீந்தறதுல, அட்வான்ஸ்டு பயிற்சிக்குப் போறேனுங்க. முதல் நிலைக்கு 18 மீட்டர்தான் எல்லை, இதுல 30 வரைக்கும் போலாம். PADIங்கற டைவிங் பயிற்சி அமைப்போட முறையில மொத்தம் 5 டைவ். ஆழ டைவும், காம்பஸ் வெச்சுத் திசை பிடிக்கறதும் கட்டாயம்.

30 மீட்டர்ல அழுத்தம் மேல இருக்கறதைவிட நாலு மடங்குங்க. சிலிண்டர் காத்தும் நாலு மடங்கு வேகமாத் தீரும். சிவப்பு நிறம் மங்கிப்போயிரும். நைட்ரஜனால போதையாட்டம் தலை கிறுகிறுக்கும். கொஞ்சம் மேல வந்தாத் தெளியும். இதைப் பழகாம அந்த ஆழத்துக்குப் போகவே கூடாதுங்க.

"மூச்சை அடக்கிப் பழகு சாமி"ம்பாரு அப்புச்சி. ஸ்கூபால நேர் எதிரு. அடக்கிட்டு மேல ஏறுனா நுரையீரல் கிழிஞ்சிரலாம். நேத்து அவருகிட்ட இதைச் சொன்னேன். "அப்ப விட்டுக்கிட்டே வா கண்ணு"ன்னாரு.