கரம் காயும் பிரிஸ்டல் போட்டும்: பொம்மை இல்லாத போர்மேசை

மழை விடாத பிற்பகல்களில் விடுதி மேசையில் நடந்த போர் விளையாட்டுகளுக்கு ஈயச் சிப்பாய்கள் கிடையாது. கரம் காய், சோடா மூடி, தீப்பெட்டி, பிரிஸ்டல் போட் என்ற கெட்டி அட்டை: அவ்வளவுதான் படை. அதை ஏழைப் பிள்ளைகளின் சமாளிப்பு என்று நினைத்துவிடக் கூடாது. 1824இல் பிரஷ்யப் படை அதிகாரிகள் கையில் எடுத்த, ரைஸ்விட்ஸ் உருவாக்கிய போர் விளையாட்டிலும் பொம்மை இல்லை. 1:8000 வரைபடத்தின்மேல் சிறு கட்டைகளைத்தான் நகர்த்தினார்கள். போர் விளையாட்டு விதிகளில் பெரும்பாலானவை காயின் அடியளவையும், அது பார்க்கும் திசையையும்தான் கேட்கின்றன. அவை சரியாக இருந்தால் மேலே என்ன நின்றாலும் ஆட்டம் கெடாது.

கரம் காயின் விட்டம் 3 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூட. கறுப்பு 9, வெள்ளை 9, சிவப்பு 1. 1638 மார்ச் 28இல் நடந்த கன்னொறுவைப் போருக்கு இதுவே போதும்: கறுப்பு முழுவதும் கண்டிப் படை, சிவப்பு கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கன், போர்த்துக்கேயருக்கு வெள்ளையில் ஐந்து. சுற்றி வளைக்கப்பட்ட போர்த்துக்கேயருக்கு ஒன்பதையும் கொடுத்தால் அந்தப் போரின் நெருக்கடியே போய்விடும். வட்டக் காய்க்கு முகம் கிடையாது; விளிம்பில் ஒரு சோக் கோடு இழுத்து அதையே முன்பக்கமாக வைக்க வேண்டும். போரிக் பவுடர் ஒட்டிய காய், போர்வைக்கு அடியில் புத்தகம் அடுக்கிச் செய்த மலையில் நிற்காது, வழுக்கி இறங்கும். ஈரத் துணியால் துடைத்து, அடியில் பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒட்டினால் அசையாது.

பழங்காலப் படைகளுக்குப் பிரிஸ்டல் போட்தான் என் தெரிவு. 15 மில்லிமீற்றர் உருவங்களுக்கான பல விதிகளில் ஓர் அணியின் முகப்பு அகலம் 40 மி.மீ. ஆகவே 40 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளத்தில் பட்டை வெட்டுங்கள். நீளவாக்கில் 15, 25, 25, 15 என்று குறித்து, மை தீர்ந்த பேனாவால் அழுத்திக் கோடு போட்டு மடியுங்கள். இரண்டு 15 மி.மீ. பாதங்களையும் உள்ளே மடித்து ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் 15 மி.மீ. ஆழமுள்ள ஈட்டிப் படை. நடுவிலுள்ள இரண்டு பக்கங்களையும் ஒட்டிவிட்டுப் பாதங்களை வெளியே விரித்தால் 30 மி.மீ. ஆழம், அது குதிரைப் படை. ஒரே பட்டை, இரண்டு படை! ஈட்டிக்கு ஈர்க்குத் துண்டு. தீப்பெட்டியைப் பீரங்கிக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஆட்டம் தொடங்குமுன் எதிராளியிடம் சொல்லிவிட வேண்டும். அதே தீப்பெட்டி நடுவில் யானையாக மாறினால் சண்டை மேசைக்கு வெளியே போய்விடும்.

மடிப்பு வெடித்தால் அட்டையின் நார் ஓடும் திசைக்குக் குறுக்கே மடித்திருக்கிறீர்கள். வெட்டுமுன் அட்டையை இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் இலகுவாக வளைகிறதோ, அந்த மடிப்புக்கோட்டின் வழியேதான் நார் ஓடுகிறது.

நுவரெலியாப் பக்கத்து ஈரம்தான் பெரிய எதிரி. முன்பக்கம் மட்டும் வர்ணம் பூசினால் காயும்போது அட்டை சுருளும். பின்பக்கமும் அதே அளவு பூச வேண்டும். எழுத்து, வர்ணம் எல்லாம் முடிந்த பிறகு மெழுகுவர்த்தியை எல்லாப் பக்கமும் தேய்த்துவிடுங்கள். முதலில் தேய்த்தால் பேனா பிடிக்காது. கோதுமை மாப் பசை பூஞ்சணம் பிடிக்கும், கரப்பானும் தேடி வரும். பைன்டர் கம் நல்லது. பாதத்தின் உட்புறம் ஒரு இரும்பு வொஷர் ஒட்டினால் ஜன்னல் காற்றுக்கும் சாயாது. பிஸ்கட் டின்னில் அடுக்கும்போது படுக்கவைக்காமல் நிறுத்தியே வையுங்கள்.